மரத்தில ஏறினவர்

அன்புள்ள மகனுக்கு,

போன மாதம் நீ தொலைபேசியில் என்னிடம் ஒன்று கேட்டாய். இல்லை என்றேன். அது பொய். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் இப்போதெல்லாம் ஒரு பக்கம் எழுதுவதற்குள் விரல் விறைத்துப்போகிறது, அரைவாசியில் பேனையை வைத்துவிட்டுப் படுக்க வேண்டி வருகிறது. நான் நிறுத்துகிற இடத்தில் இந்த ஒரு சொல் எழுதப்படாமல் கிடக்கக் கூடாது.

இதை உறையில் போட்டு உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். என் வோபர்ன் வீட்டிலிருந்து ரூஜில் உன் வீட்டுக்கு எவ்வளவு தூரம், ஒரே நகரம்தானே? ஆனால் எங்கள் கோயில் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி மலர்க் குழுவினர் மூன்று தடவை கேட்டுவிட்டார்கள். தவக்காலத்தைப் பற்றி எழுதுங்கள் ரீச்சர் என்றார்கள். நான் எழுதித் தரப்போவது இதுதான். உன் அப்பாவை நான் நாலு பேருக்கு முன்னால் வாயடைக்கச் செய்தேன். அந்த நாலு பேரில் இரண்டு பேர் இன்றும் இந்தக் கோயிலுக்குத்தான் வருகிறார்கள். பலர் முன்னால் செய்த பிழையைத் தனியறையில் திருத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. மலர் வெளிவரச் சில மாதங்கள் ஆகும், உன் புத்தகமோ அதற்கு முன் அச்சுக்குப் போய்விடும். அதனால் இதன் பிரதி ஒன்றை உனக்குத் தபாலில் போடுகிறேன்.

நீ என்ன படித்தாய் என்று இங்கே பலருக்குத் தெரியாது. யாராவது கேட்டால் ‘இங்கிலிஷ்’ என்று மட்டும் சொல்லிவிடுவேன். சுருக்கமாகச் சொன்னால் மதிப்புக் கூடும் என்று ஒரு காலத்தில் நினைத்தேன். அவர்களுக்காக ஒரு வரி எழுதுகிறேன். ஐரோப்பாவின் இடைக்காலக் கவிதைகளில் கடலும் கப்பலும் எப்படி வேதத்தின் அடையாளங்களாக வருகின்றன என்பதை நீ இருபது வருடமாகப் படித்து வருகிறாய். ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்கிற வேலைகளில் அலைந்து, இப்போதுதான் இந்த நாட்டின் கிழக்குக் கரையில் ஒரு கடலோரப் பட்டினத்தில் நிரந்தர வேலை கிடைத்திருக்கிறது. ஆனி மாத முடிவில் குடும்பத்தோடு போகிறாய். போகுமுன் புத்தகத்தை முடித்துக் கொடுக்க வேண்டும். அதற்காகத்தான் அன்று என்னை அழைத்தாய்.

“அம்மா, ஒரு பெரிய வெள்ளிக்கு அப்பா யேசு மரத்தில ஏறினதைப் பற்றி ஏதோ சொன்னவரெல்லோ? ஆக்கள் வந்திருந்தவை. எனக்கு முழுக்க ஞாபகமில்லை. கனவு கண்டனோ எண்டும் தெரியேல்லை.”

நான் யோசிப்பதுபோல ஒரு நிமிடம் இருந்தேன். பிறகு, அப்பா அப்படி ஒன்றும் சொல்லவில்லை, நீ புத்தகங்களில் படித்ததைப் போட்டுக் குழப்புகிறாய் என்றேன். நீ வாதாடவில்லை. “சரி அம்மா, அப்ப அதை எடுத்துவிடுறன்,” என்றாய். அந்தக் குரல் உன் அப்பாவின் குரலாகவே இருந்தது. அவரும் இப்படித்தான், நான் ஒன்றைச் சொன்னால் அதற்கு மேல் பேச மாட்டார்.

அதன் பிறகு அந்த அத்தியாயத்தை என் கண்ணுக்காகப் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொண்டுவந்து தந்தாய். நான் வழக்கம்போலப் பென்சிலோடு உட்கார்ந்தேன். முதல் பத்துப் பக்கத்தில் நான்கு கால்புள்ளிகளைத் திருத்தினேன். கடலையே பார்த்திராத துறவிகள்கூட உலகத்தைக் கடல் என்று பாடினார்கள் என்று எழுதியிருந்தாய். திருச்சபை கப்பல், பரலோகம் துறைமுகம், தேவதாய் திசை காட்டும் வெள்ளி. பாய்மரமும் அதற்குக் குறுக்கே பாயைத் தாங்குகிற பருமலும் சேர்ந்தால் சிலுவை. இதெல்லாம் எனக்குப் புதிதல்ல, கொன்வென்ற்றில் படித்தவைதான். பிறகுதான் அந்தச் சொல் வந்தது. லத்தீனில் சிலுவை மரத்துக்கும் பாய்மரத்துக்கும் ஒரே சொல் என்றும், கவிதையில் அதே சொல் கப்பலையும் குறிக்கும் என்றும் எழுதியிருந்தாய். ஆகவே அந்தக் கவிஞர்களுக்குச் சிலுவையில் ஏறுவதும் கப்பலில் ஏறுவதும் ஒரு சொல்லுக்குள் அடங்கிவிட்டன. கொன்ற மரமே கடலைக் கடக்கிற கலமாகவும் இருந்தது. நான் பென்சிலைக் கீழே வைத்தேன்.

அந்தப் பக்கத்தின் அடியில் நீ கோடு போட்டு வெட்டிய நாலு வரி இருந்தது. அச்சடிக்கும்போது எடுக்க மறந்துவிட்டாய். சின்ன வயதிலும் நீ இப்படித்தான், வெட்டியதை ஒழுங்காக அழிக்க மாட்டாய். கோட்டுக்குக் கீழே எழுத்துத் தெரிந்தது. சிறுவனாகக் கட்டுமரத்தில் மீன்பிடித் தொழிலுக்குப் போன உன் அப்பா, இந்தக் கவிஞர்கள் எவரையும் அறியாமல் இதே எண்ணத்துக்கு வந்திருந்தார் என்று எழுதியிருந்தாய். ஓரத்தில் சின்னதாக ஒரு குறிப்பு: அம்மா உறுதிப்படுத்தவில்லை.

நான் கொன்வென்ற்றில் படித்தபோது பெரிய வெள்ளிக்கு லத்தீனில்தான் பாடுவோம். ஓர் உயிரெழுத்துச் சரிந்தாலும் மதர் மேசையில் பிரம்பால் தட்டுவார். மரம் என்ற அந்த லத்தீன் சொல்லை நான் எத்தனை தடவை பாடியிருப்பேன் என்று தெரியாது. உச்சரிப்பு ஒருநாளும் பிழைத்ததில்லை. அதற்குள் ஒரு கப்பல் இருக்கிறது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. யாரும் சொல்லாமல் அது தெரிந்திருந்தவர் எனக்குப் பக்கத்தில் நாற்பத்தாறு வருடம் இருந்தார்.

உன் அப்பாவின் ஆட்கள் கடற்கரையில் இருந்தவர்கள். என் தகப்பனார் போஸ்ற் மாஸ்ரர், எங்கள் வீடு றோட்டுக்கரையில். ஒரே கோயில்தான், ஆனால் அவர்கள் முழந்தாளிடும் பக்கம் வேறு, நாங்கள் முழந்தாளிடும் பக்கம் வேறு. எனக்கு இருபத்தொன்பது வயதாகியும் ஒன்றும் சரிவராத நேரத்தில் பங்குச் சுவாமியார்தான் இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தார். மாப்பிள்ளை பதினேழு வயதுவரை கடலுக்குப் போய், பிறகு படித்து, கடற்றொழிலாளர் சங்கத்தில் கிளாக்காக இருந்தார். என் தகப்பனார் ஒரு கிழமை யோசித்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கே சொல்லாததை வாழ்நாள் முழுக்கச் சின்னச் சின்னதாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன் என்று இப்போது தெரிகிறது.

எங்கள் வீட்டில் ஒரு மேசைத்துணி இருந்தது, உனக்குத் தெரியும். வெள்ளைத் துணியில் நீல நூலால் ஒரு நங்கூரம். நம்பிக்கையின் அடையாளம் என்று மதர் சொல்லித் தந்து, நான் தைத்து, முதற்பரிசு வாங்கியது. கல்யாணம் முடிந்த முதல் கிழமையில் அதை விரித்துவைத்தேன். உன் அப்பா தேத்தண்ணீரைக் குடித்துக்கொண்டு நெடுநேரம் அதையே பார்த்தார்.

“உம்மட நங்கூரம் பிடிக்காது,” என்றார்.

எது பிடிக்கவில்லை, நிறமா, தையலா என்று கேட்டேன்.

“நிலத்தைப் பிடிக்காது எண்டு சொல்லுறன். மேல்தண்டும் கீழ்க்கொழுக்கியும் ஒரே பக்கமாக் கிடக்கு. ஒண்டுக்கொண்டு குறுக்கால நிக்கவேணும். இல்லாட்டி சரிஞ்சு படுத்திடும், கொழுக்கி மண்ணுக்குள்ள இறங்காது.”

இது கப்பலுக்குப் போடுவது அல்ல, நம்பிக்கைக்கு என்றேன். அவர் சிரித்தார். “நம்பிக்கைக்கு எண்டா இன்னும் வடிவாப் பாத்தெல்லோ தைக்கவேணும்,” என்றார். நான் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. துணியில் எல்லாம் ஒரே தளத்தில்தான் தைக்க முடியும் என்று மூன்றாம் நாள் சொன்னேன். ஓம் என்றார். அதற்குப் பிறகு அவர் என்னை எதிலும் திருத்தியதில்லை. நான்தான் அவரைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

நாங்கள் ஊரைவிட்டு இங்கே வந்து சென் ஜேம்ஸ் ரவுணில் பதினேழாம் மாடியில் இருந்தது உனக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். பல்கனியில் நின்றால் இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு ஏரி தெரியும். காலையில் பேக்கரி வேலைக்குப் போகுமுன் அதில் நின்று காற்றுப் பார்ப்பார். இன்றைக்குக் கச்சான், இன்றைக்கு வாடை இறங்கிவிட்டது என்று உனக்குச் சொல்லுவார். நான் உள்ளே நின்று, மேல்காற்று என்று சொல்லு, கச்சான் என்றால் வகுப்பில் கடலை என்று நினைப்பார்கள் என்று உன்னைத் திருத்துவேன். உன் வகுப்பில் தமிழ் விளங்குகிற பிள்ளை ஒன்றுகூட இருக்கவில்லை. அது எனக்கு அப்போது தோன்றவில்லை. ஊரில் அவர் என்ன வேலை பார்த்தார் என்று யாராவது கேட்டால் நான் முந்திக்கொண்டு சங்கத்தில் மனேஜர் என்பேன். எந்தச் சங்கம் என்று சொல்ல மாட்டேன்.

இனி அந்தப் பெரிய வெள்ளி. உனக்குப் பன்னிரண்டு வயது. பல்கனிக் கதவுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்து பள்ளிக்கூடத்துக்கு ஏதோ வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாய். ஐரோப்பாவிலிருந்து தவக்காலத்துக்கு வந்திருந்த சுவாமியார் ஒருவரைக் கஞ்சிக்கு அழைத்திருந்தேன். என் ஒன்றுவிட்ட அண்ணரும் அவருடைய மனைவியும், பாடற்குழுவை நடத்திய அன்ரியும் வந்திருந்தார்கள். சுவாமியார் எங்கள் வீட்டுக்கு வருகிறார் என்பதற்காக நான் இரண்டு நாள் துடைத்தேன். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அன்றைய பிரசங்கத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. அப்போது உன் அப்பா கஞ்சிக் கோப்பையை வைத்துவிட்டுத் தனக்குள் சிரித்தார். என்ன சிரிப்பு என்று சுவாமியார் கேட்டார்.

அவர் சொன்னார், எங்கள் பக்கத்தில் மரம் என்றால் கட்டுமரம்தானே சுவாமி என்று. தனக்கு ஆறு ஏழு வயதில், பெரிய வெள்ளிப் பிரசங்கத்தில், யேசு எங்களுக்காக மரத்தில் ஏறினார் என்று ஊர்ச் சுவாமியார் சொன்னதைக் கேட்டு, ஆள் தொழிலுக்குப் போய்விட்டார் என்றே நினைத்தாராம். சுற்றி இருந்த பெண்களெல்லாம் அழுதார்களாம். தகப்பனும் தினமும்தான் மரத்தில் ஏறிப் போகிறார், அதற்கு இவ்வளவு அழுகை ஏன் என்று விளங்கவில்லையாம். அழாதேங்கோ அம்மா, காற்று மாறினால் வந்துவிடுவார் என்று தாயிடம் சொல்லப்போய், தொடையில் நன்றாகக் கிள்ளு வாங்கினாராம்.

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணர் விடவில்லை. “அப்ப மச்சான், ஆள் வலை கொண்டு போனவரோ, தூண்டிலோ?” என்றார். உன் அப்பாவும் சேர்ந்து சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார்.

“அது தெரியாது. ஆனா மரத்தில ஏறினவர் மூண்டாம் நாள் கரைக்கு வந்திட்டார். எனக்கு இண்டைக்கும் அதுதான் விளக்கம், சுவாமி.”

சுவாமியார் கரண்டியை வைத்துவிட்டு முன்னால் சாய்ந்தார். ஏதோ கேட்க வாயெடுத்தார். அவர் முகத்தில் இருந்தது அருவருப்பு என்று நான் நினைத்தேன். பாடற்குழு அன்ரி என்னைப் பார்த்த பார்வையை மட்டும்தான் நான் கவனித்தேன். அப்போது நான் சொன்னேன்:

“உந்தக் கரைக் கதையளை இஞ்ச எடுக்காதேங்கோ. மரம் எண்டாச் சிலுவை. அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.”

‘கரை’ என்ற சொல்லை நான் எந்தக் குரலில் சொன்னேன் என்பது எங்கள் ஊர்க்காரருக்கு விளங்கும். ஊர்க் கோயிலில் இரண்டு பக்கம் இருந்ததல்லவா, அந்தக் குரல். உன் அப்பா, ஓம் ஓம் என்று சொல்லிக்கொண்டு எழும்பி, காலிக் கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனார். விருந்தாளிகள் இருக்கும்போது அவர் கோப்பை எடுத்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. தண்ணீர் திறந்து விட்ட சத்தம் கேட்டது. அவர்கள் போகும்வரை அவர் வெளியே வரவில்லை. எலிவேற்றர் வரை நான் சுவாமியாரைக் கொண்டுபோய் விட்டேன். கதவு திறந்தபோது, “அவரிட்ட மிச்சத்தையும் கேக்கலாமெண்டு பாத்தன்,” என்றார். அவருக்குக் களைப்பு சுவாமி, விடிய வேலை என்றேன்.

மிச்சம் என்ன என்று எனக்குத் தெரியாது, மகன். அதுதான் உனக்கு நான் சொல்ல வேண்டிய மோசமான செய்தி. அன்றைக்கு வீட்டில் அவரிடம் கேட்டிருக்கலாம். அதற்குப் பிறகு முப்பது வருடம் இருந்தது. ஒவ்வொரு பெரிய வெள்ளிக்கும் கஞ்சி காய்ச்சினேன், அவருக்கு எதிரே இருந்து குடித்தேன். அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அதில் எனக்கு நிம்மதிதான் இருந்தது. கடைசியில் ஆஸ்பத்திரியில் ஒரு நேர்ஸ் பிள்ளை கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து, உங்கள் நாட்டில் என்ன வேலை செய்தீர்கள் என்று அவரிடம்தான் கேட்டது. பதில் நான் சொன்னேன். மனேஜர் என்றேன். அவர் என்னை ஒருதரம் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

நான் உன்னிடம் பொய் சொன்னதற்கு மறதி காரணம் என்று நீ எனக்காக ஒரு சாக்குத் தேடுவாய். தேடாதே. அன்றைக்கு யார் எந்தக் கதிரையில் இருந்தார்கள் என்பதுகூட எனக்குத் தெரியும். அவர் சொன்னது அச்சில் வந்தால் நீ அடுத்த கேள்வியைக் கேட்பாய் என்று பயந்தேன். பிறகு என்ன நடந்தது, அம்மா நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று. படித்தவர்கள் வாசிக்கிற புத்தகத்தில் உன் அப்பா கட்டுமரத்தில் போனவர் என்று வருவதும் எனக்கு உறுத்தியது. அவர் போய் நாலு வருடமான பிறகும் எனக்கு அது உறுத்தியது. எழுதும்போது களைப்பாக இருக்கிறது. நல்லவளாக இருந்ததால் வந்த களைப்பு அல்ல, எப்போதும் சரியாக இருந்ததால் வந்தது.

உனக்குப் புத்தி சொல்லுகிற நிலையில் நான் இல்லை. ஆனாலும் தாய் எழுதுகிற கடிதத்தில் ஒன்றாவது இருக்க வேண்டும். உன் மகள் முன்பெல்லாம் என்னோடு தமிழில்தான் கதைப்பாள். போன வருடம் ஒருநாள் ஓடிவந்து, “அப்பம்மா, நான் நாளைக்கு உங்களிட்ட வந்தனான்,” என்றாள். வருவன் என்று சொல்லு என்று மூன்று தடவை சொல்லவைத்தேன். எதற்காக நாளைக்கு வரப்போகிறாள் என்று கேட்கவில்லை. இப்போது அவள் என்னோடு இங்கிலிஷில், மிகவும் மரியாதையாகக் கதைக்கிறாள். நீ அங்கே உன் வகுப்பிலும் வீட்டிலும் யார் எதைப் பிழையாகச் சொன்னாலும் முதலில் சொல்லி முடிக்க விடு. பிழையைப் பிறகும் திருத்தலாம். மிச்சத்தைக் கேட்பதற்கு ஆள் இருக்க வேண்டும்.

என்னையும் உங்களோடு வரச் சொல்கிறாய். நான் வரவில்லை. கோபம் ஒன்றுமில்லை, இன்னொரு வீட்டை அடுக்கி வைக்க எனக்குத் தெம்பில்லை, அவ்வளவுதான். உன் அப்பாவின் கல்லறைக்கு இங்கிருந்து இரண்டு பஸ், அதற்கே இடையில் உட்கார்ந்து எழும்ப வேண்டியிருக்கிறது. போகுமுன் வந்து அந்த மேசைத்துணியை எடுத்துக்கொண்டு போ. நீ போகிற பட்டினத்தில் நங்கூரம் தெரிந்தவர்கள் இருப்பார்கள். இது பிடிக்காது என்று யாராவது சொன்னால், எங்கள் அப்பாவும் அப்படித்தான் சொன்னார் என்று சொல்லு.

உன் பதினோராம் பக்கத்தில் வெட்டிய நாலு வரியைத் திரும்பப் போடு. அம்மா உறுதிப்படுத்துகிறாள். அவர் சொன்னதை மேலே அவர் சொன்னபடியே எழுதியிருக்கிறேன், அதற்கு ஒப்பமும் வைக்கிறேன். அவருடையதைப் போட்டுவிட்டு என்னுடையதை மறைத்துவிடாதே. எனக்கு மரியாதையாக இருக்கட்டும் என்று நீ மறைப்பாய், உன்னை எனக்குத் தெரியும். ஒரு மனிதர் ஏன் அதற்கு மேல் சொல்லவில்லை என்று உன் புத்தகத்தை வாசிக்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும்.

இந்தக் கடைசிப் பகுதி உனக்கு அனுப்பிய பிரதியில் இராது, மலருக்குக் கொடுத்ததைத் திரும்ப வாங்கி இன்று சேர்க்கிறேன். உனக்குரிய பிரதியைக் காலையில் தபாலில் போட்டுவிட்டு, பூசை முடிந்ததும் இதை மலர்க் குழுவில் இருக்கும் பெண்ணிடம் கொடுத்தேன். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் என்னிடம் படித்தவள், இப்போது அவளுக்கே நாற்பது வயது. வாங்கிய உடனே தலைப்பைப் பார்த்தாள். என்னிடம் எத்தனையோ தடவை கொப்பியில் சிவப்பு வட்டம் வாங்கியவள், கொஞ்சம் தயங்கித்தான் கேட்டாள்.

“ரீச்சர், ‘மரத்தில’ எண்டு கிடக்கு. ‘ல’வுக்கு மேல ஒரு குத்து விடுபட்டுப் போச்சு போல. ‘ஏறியவர்’ எண்டும் மாத்திவிடட்டோ?”

“விடுபடேல்லை பிள்ளை,” என்றேன். “அப்பிடித்தான் சொன்னவர்.”

இப்படிக்கு,
உன் அம்மா